பாடம் தெரிந்த பிள்ளை ஏன் தாளைக் கீழே போடுகிறது?

ஒன்றாம் வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாய் வரும். கலர் டிரஸ் போட்ட பிள்ளை, துணைக்கு ஒரு கூட்டாளியை அழைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் பெட்டியை நீட்டிக்கொண்டே போகும். அது முடிந்து ஐந்து நிமிடம் கழித்துத் தரையைப் பாருங்கள். பிரித்துப் போட்ட மிட்டாய்த் தாள்கள் பெஞ்சுக்கு அடியில், ஜன்னல் விளிம்பில், பைக்கும் சுவருக்கும் இடையில் கிடக்கும். கதவோரம் இருக்கும் குப்பைத்தொட்டியிலும் நாலைந்து விழுந்திருக்கும். இப்போது அதே பிள்ளைகளிடம் "குப்பையை எங்க போடணும்?" என்று கேட்டால் "குப்பைத்தொட்டியில மிஸ்!" என்று கூரை அதிரப் பதில் வரும்.

அதாவது, விஷயம் தெரியாமல் யாரும் போடவில்லை. குழந்தைகளுக்குச் சுத்தம் பற்றிச் சொல்லித்தருவது என்றாலே நாம் பாட்டு, படம், கதை, உறுதிமொழி என்று சொல்லில்தான் தொடங்குகிறோம். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்தான் நம் முயற்சியில் பெரும்பங்கு போய்விடுகிறது. கை ஏன் தொட்டிவரை போகவில்லை என்பது வேறு கேள்வி. அதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் கண்டது நம் பள்ளிகளில் நடப்பதற்கு ஏறக்குறைய நேர் எதிராக இருக்கிறது.

முதலில் நம் பக்கத்துக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில், பள்ளி தொடங்கிக் கல்லூரிவரை சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்றது. திரையரங்குகளில் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய ஸ்லைடு காட்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பாடம் வைப்பதில் இழுபறி நீடிக்கவே 2003 டிசம்பரில் மீண்டும் ஒரு உத்தரவு வந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலேயே சூழ்நிலையியல் என்று தனிப் பாடம் இருக்கிறது. ஆகவே பாடம் இல்லை என்ற குறை கிடையாது.

பாடத்துக்கு வெளியே நடப்பதுதான் வேடிக்கை. விழிப்புணர்வுப் பேரணி என்று பிள்ளைகளை வெயிலில் நடக்க வைப்போம். முடிந்ததும் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுப்போம். பேரணி போன பாதை எது என்பதை அந்த உறைகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "பூமியைக் காப்போம்" என்று புராஜெக்ட் செய்யச் சொல்வோம். பேன்சி ஸ்டோரில் தெர்மாகோல் அட்டையும் ஜிகினாத் தூளும் வாங்கி, ராத்திரி பதினொரு மணிவரை அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஒட்டி முடிப்பார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் அது பள்ளியின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும்.

சிகாகோ வகுப்பறையில் ஒரு மிட்டாய்

1975-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இது. ரிச்சர்ட் மில்லர், பிலிப் பிரிக்மன், டயானா போலன் என்ற மூவர் செய்தது. இடம் சிகாகோ நகரத்துப் பள்ளி. மூன்று ஐந்தாம் வகுப்புகள். எல்லோருக்கும் தாள் சுற்றிய மிட்டாயைக் கொடுத்துவிட்டு, எத்தனை தாள் தொட்டிக்குப் போகிறது, எத்தனை தரைக்குப் போகிறது என்று எண்ணினார்கள். நம்மூர் பிறந்தநாள் காட்சியேதான், எண்ணுவதற்கு ஆள் இருந்தது என்பது மட்டும் வித்தியாசம்.

ஒரு வகுப்புக்கு வழக்கமான பாடம் நடந்தது: சூழல் கெடுவது பற்றிய பேச்சு, "குப்பை போடாதீர்கள்" என்ற அறிவுரை, சுவரொட்டி, தலைமையாசிரியரின் உரை. இன்னொரு வகுப்புக்கு அறிவுரையே கிடையாது. அதற்குப் பதிலாக, "நீங்கள் சுத்தமாக இருக்கிற வகுப்பு" என்ற செய்தி பல வாயிலிருந்து வந்தது. ஆசிரியர் பாராட்டினார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, இந்த அறை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்றார். அறையைத் துடைக்கும் பணியாளர், இங்கே வேலை சுலபமாக முடிந்தது என்று கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டுப் போனார். மூன்றாவது வகுப்புக்கு எதுவும் செய்யவில்லை.

பிறகு எண்ணிப் பார்த்தபோது, அறிவுரை கேட்ட வகுப்பில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. "சுத்தமான பிள்ளைகள்" என்று சொல்லப்பட்ட வகுப்பு எங்கேயோ முன்னே போயிருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அறிவுரை வகுப்பு பழைய நிலைக்குச் சரிந்துவிட்டது. மற்ற வகுப்பு அப்படியே நின்றது.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் எளிது. "குப்பை போடாதே" என்ற வாக்கியத்துக்குள் "நீ குப்பை போடுகிற பிள்ளை" என்ற இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. குழந்தைக்கு அதுதான் முதலில் காதில் விழுகிறது. "நீ இப்படிப்பட்ட பிள்ளை" என்று நம்பும்படி சொன்னால், அந்தப் பேரைக் காப்பாற்றப் பிள்ளை தானாகவே பாடுபடும். கணக்குப் பாடத்திலும் இதே முறையை அந்தக் குழு சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தது. அங்கும் "நீ நன்றாகக் கணக்குப் போடுகிறாய்" என்பது "இன்னும் நன்றாகப் போடு" என்பதை ஜெயித்தது.

மூன்று வகுப்புகளை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் வகுப்பறைகளில் காதில் விழுவதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எத்தனை தடவை சொல்றது? வகுப்பா இது, மாட்டுத்தொழுவமா?" வீட்டில் இன்னும் ஒரு படி மேலே: "நீ இருக்கிற இடம் எப்பவுமே குப்பைமேடுதான்." ஆறு வயதுப் பிள்ளை இதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ஏன் எடுத்துக்கொள்ளாது? சொல்வது அம்மா ஆயிற்றே.

பொய்யாகப் புகழவும் கூடாது. பிள்ளைகள் அதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். நாற்பதில் எட்டுப் பேர் தொட்டியில் போட்டிருந்தால், அந்த எட்டைப் பார்த்துச் சொல்வதற்கு நிஜமான விஷயம் இருக்கிறது. "இன்னைக்கு ரெண்டாவது வரிசைக்கு அடியில ஒரு தாள்கூட இல்லையே" என்று சொன்னால் போதும். பேரைச் சொல்லி ஒருவனை மட்டும் தூக்கி வைப்பதைவிட வரிசையைச் சொல்வது நல்லது.

இதில் இன்னொரு சிக்கல், யார் குப்பை போடுகிறார்கள் என்று பார்க்க வைக்கும் குப்பை லீடர். ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகளுக்கு விதி என்றால் உயிர். தான் கடைப்பிடிப்பதைவிட அடுத்தவன் மீறியதைப் பிடிப்பதில் ஆர்வம் அதிகம். "மிஸ், கார்த்தி கீழ போட்டான்" என்று நாளுக்கு முப்பது புகார் வரும். ஒருவனுக்கு பேட்ஜ் குத்திவிட்டால் அவன் காவல்காரன் ஆகிவிடுவான், மற்றவர்கள் அவன் பார்க்காதபோது போடப் பழகுவார்கள். லீடர் வைத்தே ஆக வேண்டும் என்றால் வாராவாரம் மாற்றிவிடுங்கள். வேலை தொட்டியைக் கவனிப்பது மட்டும் என்று வைத்துவிடுங்கள், ஆளைக் கவனிப்பது வேண்டாம்.

பையும் பத்துக் காசும்

சிகாகோ ஆய்வுக்குக் கொஞ்சம் முன்னால், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இன்னொரு ஆய்வு நடந்தது. சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்கென்றே நடக்கும் சினிமாக் காட்சிகள். பாப்கார்ன் டப்பா, மிட்டாய்த் தாள் என்று அரங்கம் முழுக்கச் சிதறும். பர்ஜெஸ், கிளார்க், ஹெண்டி என்ற ஆய்வாளர்கள் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு உத்தியைப் போட்டுப் பார்த்தார்கள். குப்பை போடக் கூடாது என்று சொல்லும் கார்ட்டூன் படத்தைத் திரையிட்டார்கள். பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்களோ என்னவோ, குப்பை அப்படியே கிடந்தது. கூடுதலாகத் தொட்டிகள் வைத்தார்கள், அதுவும் உதவவில்லை. நுழையும்போதே கையில் ஒரு பை கொடுத்தார்கள், கொஞ்சம் நகர்ந்தது. பையைக் கொடுத்து, "இதில் போட்டு வெளியே தொட்டியில் சேர்த்துவிடுங்கள்" என்று இடைவேளையில் தெளிவாகச் சொன்னபோது பாதிக்கும் மேல் சேர்ந்தது. நிரம்பிய பைக்குப் பத்து சென்ட் என்று அறிவித்த வாரம், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திரும்பி வந்தது.

காசின் பலத்தைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பெரியவர்களுக்கே பத்து ரூபாய் தேவைப்படுகிறது. பிள்ளைகளை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

ஆனால் வகுப்பறையில் காசு, நட்சத்திர ஸ்டிக்கர் என்று போனால், ஸ்டிக்கர் தீர்ந்த நாளில் பழக்கமும் தீர்ந்துவிடும். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் வாரம். காசு இல்லை, கையில் ஒரு பை, என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான ஒரு வாக்கியம், அவ்வளவுதான். கார்ட்டூன் செய்யாததை அது செய்தது. ஏனென்றால் கார்ட்டூன் மனதை மாற்றப் பார்த்தது. பை, கைக்கு ஒரு வேலை கொடுத்தது.

அதனால் சின்னப் பிள்ளைகளிடம் பேசும்போது "சுத்தமாக இரு" என்பதை விட்டுவிட்டு, இந்தத் தாள், இந்தக் கை, இந்த இடம் என்று பேச வேண்டியிருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அதைப் பிரிக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மூலையைப் பல்லால் கடித்து இழுக்கும். சுண்டு விரல் நகமளவு ஒரு துண்டு பிய்ந்து வரும். அது வாயிலிருந்து நேரே தரைக்கு. பாக்கெட்டைத் தின்று முடித்துத் தொட்டியில் போடுகிற சமர்த்துப் பிள்ளையும் இந்த மூலைத்துண்டைப் போட்டதாக நினைப்பதே இல்லை. பெருக்குமாற்றில் சிக்காமல் விரிசலில் உட்கார்ந்துகொள்வதும், மழை பெய்தால் முதலில் சாக்கடைக்குப் போவதும் இதுதான். பால் கவர் மூலையும் அப்படித்தான். அம்மா கத்தரியால் வெட்டும் அந்த முக்கோணம் சிங்க்குக்குள் போகிறது. மூலையை முழுக்கப் பிய்க்காமல், ஒரு ஓரம் ஒட்டியபடி விட்டுப் பிரிப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தால் நாலு வயதுக் குழந்தையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். "பூமித்தாயைக் காப்போம்" என்ற பாட்டைவிட இது உருப்படியான பாடம்.

அடுத்தது தொட்டி. பல பள்ளிகளில் தொட்டி பிள்ளையின் நெஞ்சு உயரம் இருக்கும். மூடி வைத்தது என்றால் இன்னும் கஷ்டம்: ஒரு கையால் தூக்கி, மறு கையால் போட வேண்டும், மூடி பிசுபிசுப்பாக இருக்கும். பிள்ளைக்கு அருவருப்பு வந்தால் இரண்டடி தூரத்திலிருந்து எறியும். பாதி வெளியே விழும். முட்டி உயரத்தில், அகலவாயுடன், தினமும் கழுவிய தொட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொட்டியிலிருந்து தூரம் கூடக் கூடக் கீழே போடுவதும் கூடும் என்பது பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஏற்கெனவே குப்பை கிடக்கிற இடத்தில் ஆட்கள் தயங்காமல் போடுகிறார்கள். ஆகவே மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் அறையைப் பெருக்கி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது; கொடுத்த பிறகு பெருக்குவதைவிட.

தொட்டியே இல்லாத இடத்தில்? பஸ்ஸில், கடற்கரையில், கோவில் திருவிழாவில் நமக்கு அதுதான் நிலைமை. ஜப்பானில் 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். அங்கே பிள்ளைகள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரப் பழகியிருக்கிறார்கள். நம் பிள்ளையின் புத்தகப் பையில் முன்னால் ஒரு சின்ன ஜிப் இருக்கும், பெரும்பாலும் காலியாக. அதுதான் தாள் அறை என்று முடிவு செய்துகொள்ளலாம். வாரம் ஒரு தடவை அம்மா திறந்து பார்க்கும்போது என்னென்ன தின்றிருக்கிறான் என்ற துப்பும் கிடைக்கும்.

யார் பெருக்குவது?

ஜப்பான் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோதான். பிள்ளைகள் தலையில் துணி கட்டிக்கொண்டு வரிசையாகத் தரை துடைப்பார்கள். வீடியோ உண்மைதான். அங்கே தொடக்கப்பள்ளியிலிருந்தே பெரும்பாலான பள்ளிகளில் தினமும் கால் மணி நேரம் போல வகுப்பறை, நடைபாதை, பல இடங்களில் கழிப்பறை உட்பட மாணவர்களே சுத்தம் செய்கிறார்கள். ஆசிரியர்களும் கூடச் சேர்ந்து செய்கிறார்கள். சிங்கப்பூரும் 2016 முதல் எல்லாப் பள்ளிகளிலும் வகுப்பறை, உணவகம், நடைபாதைகளைப் பிள்ளைகள் தினம் சில நிமிடம் சுத்தம் செய்யும்படி கொண்டுவந்தது. (அதே சிங்கப்பூரில் 1992 முதல், குப்பை போட்டுப் பிடிபட்ட பெரியவர்களைப் பளிச்சென்ற மேல்சட்டை போட்டுப் பொது இடத்தில் கூட்ட வைக்கும் தண்டனையும் இருக்கிறது. பிள்ளைக்குக் கடமை, பெரியவருக்குத் தண்டனை, ஒரே துடைப்பம்.)

"நம்ம பள்ளியிலும் இதைக் கொண்டுவரலாமே" என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் இங்கே துடைப்பத்துக்குச் சாதி இருக்கிறது. மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எங்காவது வருகிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்து அந்த வேலையைக் கொடுத்ததாக வழக்காகி, தலைமையாசிரியர் கைதானதும் உண்டு. அதனால், "என் பிள்ளையைப் படிக்கத்தானே அனுப்பினேன், கூட்டவா அனுப்பினேன்?" என்று ஒரு தாய் கேட்டால் அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று, நான்கு தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. சாதி வெளிப்படையாக இல்லாத இடத்தில் ஆண், பெண் பேதம் வந்து நிற்கும்: பெண் பிள்ளைகள் கூட்டுவார்கள், ஆண் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கி வைப்பார்கள்.

இதற்காகப் பிள்ளைகள் சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தான் பெருக்கிய தரையில் தானே தாள் போட யாருக்கும் மனம் வராது. அந்தப் பாடத்தை வேறு எதனாலும் தர முடியாது. ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. வகுப்பில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் முறை வர வேண்டும். அட்டவணை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், பெற்றோரும் பார்க்கும்படி. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கக் கூடாது. அவர் கையிலும் துடைப்பம் இருக்க வேண்டும். கழிப்பறை இதில் சேரக் கூடாது. அதற்குச் சம்பளத்துக்கு ஆள் போடுவது நிர்வாகத்தின் வேலை, பிள்ளைகளை வைத்து அந்தச் செலவை மிச்சப்படுத்த முடியாது. அப்புறம், லேட்டாக வந்தவனைக் குப்பை பொறுக்கச் சொல்வது, வீட்டுப்பாடம் எழுதாதவளை மைதானம் கூட்டச் சொல்வது. இந்த ஒரு பழக்கம் போதும், மொத்தத்தையும் கெடுத்துவிடும். சுத்தம் செய்வது அவமானம் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்குக் கற்பிக்க முடியாது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளைகளை உடலாலோ மனதாலோ வதைக்கும் தண்டனைகளைத் தடை செய்திருக்கிறது.

வீட்டில் இதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். காலையில் பேட்டரி வண்டி தெருவில் வந்து நிற்கிறது. தூய்மைப் பணியாளர் வாளியை வாங்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சீருடையில் நிற்கும் பிள்ளையிடம், அவர் காதுபடவே, "படிக்கலைன்னா இப்படித்தான் குப்பை அள்ளணும்." இதைச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் கல்வி என்று என்ன கொடுத்தாலும் உள்ளே இறங்காது. குப்பை என்பது தோற்றவர்களின் வேலை என்று முடிவாகிவிட்டது. தான் ஜெயிக்கப் போகிற பிள்ளை, ஆகவே கீழே போடலாம், எடுக்க ஆள் இருக்கிறது. அதற்குப் பதில் அந்த அக்காவின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லலாம். "வணக்கம் அக்கா" என்று வாளியைப் பிள்ளையே நீட்டலாம். நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தனியே காகிதத்தில் சுற்றித் தருவது அவர் கைக்காக என்று சொல்லிக் கொடுத்தால், தரம் பிரிப்பது விதி என்ற நிலையிலிருந்து ஒரு மனுஷிக்குச் செய்யும் உதவி என்ற நிலைக்கு வந்துவிடும். ஐந்து வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

தொட்டிக்குப் பிறகு

சின்னக் குழந்தைக்குத் தொட்டி ஒரு மாயப் பெட்டி. போட்டதும் காணாமல் போய்விடுகிறது. பெரியவர்களில் பலருக்கும் அப்படித்தான் என்பது வேறு விஷயம். சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அது பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போனது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, அதையே தின்று வளர்ந்தது; அந்தச் சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். நாலு வயதுக்கு வேண்டாம்.

நாலு வயதுக்கு ஒரு மண்தொட்டி போதும். வாழைப்பழத் தோல், ஒரு பூசணி இலை, பருத்தித் துணி, பிஸ்கட் கவர் நான்கையும் புதைத்து, தினம் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலுக்கு ஒரு மாதத்தில் தோண்டினால் தோலும் இலையும் பெரும்பாலும் மண்ணாகியிருக்கும், துணி நைந்திருக்கும், கவரைக் கழுவினால் கம்பெனிப் பேரைப் படிக்கலாம். மக்கும், மக்காத என்ற வார்த்தைகளை அதற்குப் பிறகு சொன்னால் அவை ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று நிறத்தை மனப்பாடம் செய்ய வைத்தால், அது இன்னொரு ரைம்ஸ் ஆகிவிடும்.

தரம் பிரிக்கக் கற்ற பிள்ளை ஒரு நாள் கேட்கும், "ரெண்டையும் ஒரே வண்டியில கொட்டுறாங்களே, ஏம்மா?" திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொல்கின்றன, பிரித்ததைப் பிரித்தபடி கொண்டுபோக வேண்டிய கடமை உள்ளாட்சிக்கு இருக்கிறது. எல்லாத் தெருவிலும் அப்படி நடப்பதில்லை. இந்த இடத்தில் மழுப்பாமல், "அவங்க செய்யுறது சரியில்லை, வா கேட்போம்" என்று சொல்வதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. கிராமத்துப் பள்ளியிலும் இதே சங்கடம் உண்டு. பிள்ளைகள் ஒழுங்காகச் சேர்த்த தாளும் பிளாஸ்டிக்கும் சாயங்காலம் வேப்ப மரத்தடியில் கொளுத்தப்படும். எரிப்பதும் அந்த விதிகளின்படி தவறுதான். புகையில்லா போகி என்று பலகை பிடித்த அதே பிள்ளைகள் அந்தப் புகை வழியே வீட்டுக்குப் போகிறார்கள்.

கடைசியாக, பிள்ளைகள் தலையில் எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்வி. அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய "அமெரிக்காவை அழகாக வைத்திரு" இயக்கத்துக்குப் பின்னால் நின்றவை பானக் கம்பெனிகளும் டப்பா, பாட்டில் செய்யும் கம்பெனிகளும். திருப்பித் தரக்கூடிய பாட்டிலை விட்டுவிட்டுத் தூக்கியெறியும் பாட்டிலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. குப்பை என்பது பாட்டில் செய்தவரின் பிரச்சினையாக இல்லாமல் போட்டவரின் ஒழுக்கப் பிரச்சினையாக மாற அந்தப் பிரச்சாரம் நன்றாகவே உதவியது. இங்கும் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை மீண்டும் வந்தது. பெட்டிக்கடை வாசலில் சிப்ஸ் சரம் மட்டும் அப்படியே தொங்குகிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் செய்த அந்த உறையைக் காயலான் கடையில்கூட எடுக்கமாட்டார்கள். "பூமி உன் கையில்" என்று யூகேஜி பிள்ளையிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். ஆமையின் மூக்கில் ஸ்ட்ரா குத்திய படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் அப்படியே. பயந்த பிள்ளை ராத்திரி தூங்காது, காலையில் வழக்கம்போல மூலையைக் கடித்துத் துப்பும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது என்பதைத் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள் 2018-ல் காட்டினார்கள். தாங்கள் தின்ற பிஸ்கட், வேஃபர் உறைகளைச் சேர்த்து, எந்தக் கம்பெனிக்கு எத்தனை என்று பிரித்து எண்ணினார்கள். மொத்தம் 20,000-க்கும் மேல் வந்தது. மாநகராட்சியின் உதவியோடு, அதிகமாக இருந்த உறைகளைச் செய்த கம்பெனிகளுக்கே அனுப்பி வைத்தார்கள். உங்கள் பண்டம் ருசியாக இருக்கிறது, சுற்றித் தரும் பிளாஸ்டிக்தான் பிடிக்கவில்லை, சூழலைக் கெடுக்காத உறைக்கு மாறுங்கள் என்று கடிதமும் வைத்தார்கள். பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளே சொல்வதால், மாணவிகள் கேட்டது சலுகை இல்லை.

இதையே மூன்றாம் வகுப்பில் சின்ன அளவில் செய்யலாம். ஒரு வாரத்துத் தாள்களைக் கழுவிக் காயவைத்து, கம்பெனிவாரியாகப் பிரித்து, கரும்பலகையில் பட்டை வரைபடம் போடச் சொல்லுங்கள். கணக்கு வகுப்பு நேரத்தையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.